மயில் கழுத்து

என் படங்களைப் பார்த்துவிட்டு யாராவது "ஷேடிங் பிரமாதம், எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால், "நானாகத்தான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. வெட்கம். அந்த வித்தை கைக்கு வந்த வருஷமே அதை வைத்து ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன். ஒரே ஒருவரைத் தவிர இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் நான் செய்த தப்பில் பெரும்பகுதி என்பதால், இப்போதாவது எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆசிரியர் பயிற்சியை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இன்டர்வியூ கார்டு வருமா வருமா என்று தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அப்பா ஆரணியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தறி ஓடும். எங்கள் வீட்டில் தறி கிடையாது, "டீச்சர் வூடு" என்றுதான் பெயர். நான் இன்னும் ஒரு வகுப்புக்கும் பாடம் எடுத்ததில்லை, ஆனாலும் என்னையும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, கப்பலில் வேலை பார்த்தார். ஒரு லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஜப்பான் மார்க்கர், இருபத்து நாலு. அப்போது எங்கள் ஊர்க் கடைகளில் ஸ்கெட்ச் பேனா வந்துவிட்டிருந்தது. அது தண்ணி மை. ஒரே இடத்தில் இரண்டாம் தடவை தேய்த்தால் காகிதம் திரிதிரியாக உருண்டு வரும். இது வேறு சாதி. மூடியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குடி ஊசி போடறாங்க?" என்று கேட்டாள்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் எல்லாம் ஜப்பான் எழுத்து. நடுவில் ஒரு பழத்தின் படம், நான்கு நிலைகளில். முதலாவதில் வெறும் கோடு, நான்காவதில் கையில் எடுத்துக் கடிக்கலாம் போல இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

முதலில் மாம்பழம் போட்டேன். மஞ்சள் அடித்து, காய்ந்த பிறகு பக்கத்தில் ஆரஞ்சு, அதற்குப் பக்கத்தில் சிவப்பு. மாம்பழம் வரிக்குதிரையாக வந்தது. காயவிட்டதுதான் தப்பு என்று புரியவே பத்துப் பதினைந்து மாம்பழம் போயிற்று. ஈரம் இருக்கும்போதே அடுத்த நிறம் போய்ச் சேர வேண்டும். வெளிர் நிறத்தை முதலில் பரப்பி, நிழல் விழுகிற ஓரத்தில் அடர் நிறத்தை வைத்து, இரண்டும் முட்டுகிற இடத்தில் வெளிர் பேனாவால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக் கொடுத்தால் கோடு கரைந்து காணாமல் போகும். அழுத்தக் கூடாது. கையைத் தூக்கித் தூக்கி, கோலப்பொடி விடுகிற மாதிரி லேசாக விட வேண்டும். பெட்டியில் ஒரு பேனாவுக்கு நிறமே இல்லை. கெட்டுப்போன பேனாவை அண்ணன் தலையில் கட்டிவிட்டான் ஜப்பான்காரன் என்று இரண்டு மாதம் அதைத் தனியே போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் தெரியாமல் அதை எடுத்து ஈர நீலத்தின் மேல் இழுத்தேன். நீலம் ஒதுங்கிப் போய், வானத்தில் மேகம் வந்தது. நான் கத்திய கத்தில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

இந்த மையிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தாளோடு நிற்காது. அடியில் அப்பா திருத்த வைத்திருந்த விடைத்தாள் கட்டுக்குள் இறங்கி, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் சரித்திர விடையில் ஒரு மாம்பழம் காய்த்துவிட்டது. மேலேயும் அப்படித்தான். இப்போது கோட்டுக்குள் இருப்பது போலத் தெரியும், காலையில் பார்த்தால் ஒரு நூல் அளவு வெளியே பரவியிருக்கும். நல்ல தாளில் குறைவு, மெல்லிய தாளில் அதிகம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் வைக்க மாட்டுத்தொழுவம் வரைந்து கொடுத்தேன். வைக்கோலில் விளக்கு வெளிச்சம் விழுவது போல ஷேடு போட்டிருந்தேன். ஐயரம்மா, அதாவது எங்கள் பாஸ்டரின் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைக்கு ஒரு மோதிரம் போடணும்" என்றார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அந்தக் குடையை நான் பகலிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அந்தப் புகழ் கேட்டுத்தான் பட்டு முதலாளி ஒருவர் ஆள் அனுப்பினார். அப்பாவிடம் படித்தவர். ஏழெட்டுத் தறிகளுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்குபவர். அவரிடம் டிசைன் வரைந்துகொண்டிருந்தவர் காஞ்சிபுரம் போய்விட்டார். "டீச்சர் பொண்ணு வீட்லயே உக்காந்து வரைஞ்சு குடுத்தாப் போதும்" என்றார்.

வேலை இதுதான். சேலையில் பூவோ அன்னமோ வர வேண்டுமென்றால் முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். ஒரு கட்டம் என்றால் தறியில் ஓர் இடம். ஜரிகை வர வேண்டிய கட்டத்துக்கு ஒரு நிறம், பச்சை வர வேண்டிய கட்டத்துக்கு ஒரு நிறம். அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவர் கெட்டி அட்டைகளில் துளை போடுவார். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. அட்டைகளைக் கயிற்றில் வரிசையாகக் கோத்துத் தறியின் தலையில் மாட்டிவிட்டால், அட்டை சொன்னபடி தறி கேட்கும். நெசவாளி அதை நம்பி நெய்துகொண்டு போக வேண்டியதுதான்.

எங்கள் முதலாளிக்கு அட்டை குத்தியது ஒரு பெண். நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். உண்மையில் அது அவள் புருஷனின் தொழில். அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்த்து, "மூணு எடு, ரெண்டு வுடு, ஒண்ணு எடு" என்று படிப்பாள், அவர் குத்துவார். பிறகு குத்தவும் அவளே ஆரம்பித்தாள். அவர் அட்டைகளைக் கையால் தடவி அடுக்கிக் கொடுப்பார். இரும்புத் தட்டின் மேல் சுத்தியல் விழும் சத்தம் காலையில் எங்கள் வீடு வரை கேட்கும்.

நெசவாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. பெண்கள் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார் சுற்றலாம், நீளவாட்டுப் பாவு இழைகளைப் பிணைக்கலாம், புருஷனோடு தறிக்குழியில் உட்கார்ந்து நெய்யலாம். அட்டை மட்டும் குத்தக் கூடாதாம். "பொம்பள குத்தின அட்டைய எவன் மாட்டுவான்?" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் மாட்டினார்கள். முதலாளி அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவளே என்னிடம் சொன்னாள்:

"ஒரே ஒரு தப்பு வந்தாகூட நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னு சொல்லிட்டாருங்க. அதான் நான் ஒவ்வொரு வரியும் ரெண்டு வாட்டி எண்றேன். இத வுட்டா எங்களுக்கு வேற இன்னா கீது?"

அவளுக்கும் என் வயதுதான். இரண்டு குழந்தைகள். அவள் என்னை "நீங்க" என்பாள், நான் அவளை "நீ" என்பேன். அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை.

முதல் சில டிசைன்களைச் சாதாரணக் கலர் பென்சிலில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை. பாராட்டும் இல்லை. கட்டத்தை நிரப்புவதற்கு எதற்குக் கலைஞர்? எனக்கு அலுத்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. முந்தியில் ஒற்றை மயில், பெரிதாக, ஜரிகைத் தோகையும் நீலமும் பச்சையுமாகக் கழுத்தும்.

எங்கள் ஊரில் மயில் கழுத்து என்றே ஒரு நிறம் உண்டு. நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டினால் வருவது. அந்த நூல்கள் ஒன்றோடொன்று கரைவதில்லை. நீலம் நீலமாகவே இருக்கும், பச்சை பச்சையாகவே இருக்கும். பார்க்கிற கண்ணில்தான் கலக்கும். தெருவில் தவழ்கிற குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. நான் என்ன செய்தேன்? ஜப்பான் பெட்டியைத் திறந்தேன்.

தோகை வரை ஒழுங்காகக் கட்டத்துக்குள்தான் நிரப்பினேன். கழுத்துக்கு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. அடியில் நீலம், மேலே பச்சை, நடுவில் ஈரத்தோடு ஈரமாக இரண்டையும் வட்டம் வட்டமாகத் தேய்த்து, நிறமில்லாத பேனாவால் தொண்டையில் ஒரு மினுமினுப்பு. உயிருள்ள மயில் தோற்றுவிடும். கட்டக் கோடெல்லாம் நிறத்துக்கு அடியில் மங்கிப்போய்விட்டது. மறுநாள் காலை பார்த்தபோது மை வெளிக்கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு கட்டம் பரவியிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, யார் இவ்வளவு உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று சுருட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவ்வளவு உற்றுப் பார்ப்பதுதான் அவள் வேலை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் அவள் அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். நேரம் அப்படி, ஐயரம்மாவும் அப்பாவோடு வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களும் காபி குடித்துக்கொண்டு என் படங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். இந்தக் கழுத்தாண்ட நீலமா பச்சையா தெரியலீங்க. ரெண்டும் சேந்து கீது. கோட்டுக்கு வெளியவேற கலர் வழிஞ்சிகினு இருக்குது. அதுக்கும் குத்தணுமா?"

"ஷேடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவள் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "ஒரு கட்டம் நீலம், ஒரு கட்டம் பச்சைன்னு மாத்தி மாத்தி குத்திட்டா? தூரத்துலேந்து பாத்தா நீங்க போட்டது மாதிரியே தெரியுங்க. வெளிக்கோட்ட மட்டும் நீங்க இன்னொரு வாட்டி போட்டுக் குடுத்தீங்கன்னா..."

அவள் சொன்னதுதான் சரி. துணியில் ஷேடு கொண்டுவருவது அப்படித்தான். அது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் கோபம் வந்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாசற்படியில் நிற்கிற ஒருத்தி எனக்கு ஷேடு சொல்லித் தருவதா?

"கலர் பட்ட கட்டத்துக்கெல்லாம் குத்து. ரெண்டு கலர் இருந்தா ரெண்டுக்கும் குத்து" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "உனக்குக் கட்டம் எண்ணத் தெரியும், படம் எனக்குத் தெரியும். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

டீச்சர்களில் ஒருவர் சிரித்தார். அவள் தாளைச் சுருட்டினாள். "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போது வந்த திருப்தியை இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஒரு மாதத்துக்குப் பக்கம் இருக்கும், முதலாளி கடைக்கு வரச் சொல்லி அனுப்பினார். போனேன். கடையில் மயிலை நெய்த நெசவாளி நின்றுகொண்டிருந்தார். இன்னும் மூன்று நாலு நெசவாளிகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் அவள் புருஷனும் ஓர் ஓரத்தில். முதலாளி மடியில் ஒரு முழத் துணி, தறியிலிருந்து அறுத்தது. ஒரு பாவில் மூன்று சேலை வரும். இப்படி நடுவில் அறுத்தால் ஒரு சேலை குறைந்துபோகும் என்பது எனக்குக்கூடத் தெரியும்.

துணியை விரித்தார். கால் சரி, தோகை சரி. கழுத்தில் நீலமும் பச்சையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, பட்டு தடித்து, கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

"மயிலுக்குக் கண்டமாலை வந்து கழுத்து வீங்கிக்குது" என்றார் நெசவாளி. பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கழுத்து வர்ற வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சிங்க. நம்பி ஓட்டினேன். இப்ப பாருங்க, தறி நின்னுகினு கீது. நான் அப்பவே சொன்னேன், பொம்பள குத்தின அட்டை வாணாம்னு."

முதலாளி அவளைப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"கலர் இருந்த எடத்துல குத்தினேங்க" என்றாள். "எனக்குச் சந்தேகம் வந்துதுங்க. போயி கேட்டுட்டுதான் குத்தினேன்."

"யாரக் கேட்டே?"

அவள் என்னைப் பார்த்தாள். "இவங்களைத்தான்" என்று விரலை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தாள். அவள் புருஷன் தலையை லேசாகத் தூக்கி, யார் பேசப் போகிறார்கள் என்று காதால் தேடிக்கொண்டிருந்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உங்களாண்ட வந்துச்சாம்மா?"

"வந்தா" என்றேன். "எதுக்கு வந்தான்னு ஞாபகம் இல்லைங்க. நான் கோட்டுக்குள்ளதான் போட்டிருந்தேன்."

இதைச் சொன்னது நான்தான். படித்தவள், வாத்தியார் மகள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று கதை சொல்கிறவள். ஏன் சொன்னேன்? பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடுமே என்ற பயம். ஜப்பான் மார்க்கர், மோதிரம் போட வேண்டிய கை, டீச்சர் என்ற பெயர் எல்லாம் ஒரு நிமிஷத்தில் கண்டமாலை மயிலாகிவிடுமே என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை. அவளுக்குப் போகவிருந்தது சோறு, எனக்குப் போகவிருந்தது ஜம்பம். நான் ஜம்பத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அவள் என்னிடமிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். புருஷன் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றோடு அந்தக் கடைக்கு அவள் அட்டை குத்துவது நின்றது. மற்றக் கடைக்காரர்களும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அட்டையே குத்தவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் ஏதோ நல்லது நடந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

காலையில் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. அது கேட்காததால்தான் எனக்குத் தினமும் சீக்கிரம் விழிப்பு வந்தது. அவள் வீடு வீடாகப் போய்த் தார் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். தெருவில் எதிரே வந்தால் நான் செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்துகொள்வேன். ஜெபத்தில் முட்டி போட்டால் முதலில் அந்த "ஞாபகம் இல்லைங்க" தான் வந்து நின்றது. சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்து நாளுக்கு மேல் தாங்க முடியாமல், ஒருநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முதலாளியிடம் போனேன்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேங்க. தப்பு என்னோடது. அவ வந்து கேட்டா, நான்தான் அப்படிக் குத்தச் சொன்னேன்."

அவர் ஊடை நூலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கே தாள எடுத்துப் பாத்துட்டேன். கலர் எங்க வழிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாதா? சார் பொண்ணாச்சேன்னு வாய மூடிகினு இருந்தேன்." நூலைக் கீழே வைத்தார். "அந்தம்மா மாதிரி சுத்தமா குத்தறவங்க இந்த ஊர்ல இல்ல. எனக்கும் அது வயித்தெரிச்சல்தான்."

"அப்ப வேலைய திருப்பிக் குடுத்துடுங்க."

"நான் குடுத்தா எவன் மாட்டுவான்? நான் சொன்னா, பொம்பளைக்கு வக்காலத்து வாங்கறான்னு பேசுவானுங்க. நீங்க சொல்லணும். வர்ற வெள்ளிக்கிழமை எல்லாரும் நூல் வாங்க வருவாங்க. அவங்க முன்னாடி, தப்பு என்னுது, அட்டை குத்தினதுல ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அன்னிக்கே வேலைய குடுத்துடறேன். அந்தம்மாவையும் வரச் சொல்லிடறேன்."

"சொல்றேங்க" என்றேன். வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வியாழக்கிழமை வரை அந்த வார்த்தைகள் வாயில் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது பாயில் உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த நெசவாளி என்ன சொல்வார்? ஜப்பான் டீச்சர் என்று பேர் வைப்பார்களா? அது அப்பா காதுக்கு, ஐயரம்மா காதுக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும்? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அப்பா சைக்கிளை எடுக்கும்போது உள்ளேயிருந்து சொன்னேன்:

"அப்பா, எனக்கு ஜுரமா இருக்கு. போற வழியில கடையில சொல்லிடுங்க, இன்னிக்கு வர முடியாதுன்னு."

தெரிந்து ஒரு பொய் சொல்லாத மனிதர் அவர். என் பொய்யை வாங்கிக்கொண்டு போய்ப் பத்திரமாகக் கடையில் சேர்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கோயிலில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள்தான். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தாள். கையில் காகிதம் சுற்றிய ரொட்டி.

"ஜுரம்னு கடையில சொன்னாங்க" என்றாள். "முதலாளி எங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாருங்க. நீங்க ஏதோ சொல்லணும்னு இருக்கீங்கன்னாரு. காலைலேந்து உக்காந்துகினு இருந்தோம். முதலாளி வந்தப்புறந்தான் உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னாங்க."

இந்தத் தடவை அவள் வாசற்படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுத்தியல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கையை என் நெற்றியில் வைத்தாள். என் நெற்றி சில்லென்று இருந்தது. எனக்கே தெரிந்தது. கழுத்திலும் தொட்டுப் பார்த்தாள். கையை உடனே எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா சொல்லணும்னு இருந்தீங்க, டீச்சர்?"

வீட்டில் யாரும் இல்லை. நெசவாளி இல்லை, ஐயரம்மா இல்லை, சிரிக்க ஒருவரும் இல்லை. அவளும் நானும்தான். வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "அப்புறம் சொல்றேன்."

கையை எடுத்துக்கொண்டாள். "சரிங்க. ரொட்டிய பால்ல தொட்டுச் சாப்புடுங்க, ஒடம்புக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

காலையிலிருந்து கஞ்சி மட்டும் குடித்திருந்ததால் எனக்கு நல்ல பசி. காகிதத்தைப் பிரித்து அந்த ரொட்டியை முழுவதும் சாப்பிட்டேன்.